சாம்பிள் ஆல்பம்

பஞ்சநதமும் தங்கையனும் என் கடைக்கு வந்தபோது மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கடைத்தெருவில் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. படி தாண்டி உள்ளே வந்த தண்ணீரைப் பழைய ஃப்ளெக்ஸ் துண்டால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு பிறகு என்று தள்ளித்தான் ஐந்து மாதத்தை ஓட்டினேன்.

தங்கையனின் மூத்த மகள் தமிழ்நிலாவுக்குப் பதினான்கு வயது. வைகாசியில் அவளை ஒருவன் தாலி கட்டிக் கூட்டிப்போனான். குடும்பம் நடத்துவதற்காகக் கூட்டிப்போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவனைச் சேர்ந்தவர்களுக்குத் தங்கையனின் போன் நம்பரைக் கொடுத்தது நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் குணசேகரன். ஒரத்தநாட்டிலிருந்து கிழக்கே எட்டு கிலோமீட்டரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ என்பது பேருக்குத்தான். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க இப்போது யார் வருகிறார்கள்? ஃப்ளெக்ஸ், ஜெராக்ஸ், விசேஷ வீட்டு வீடியோ என்று பிழைப்பு ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாத விசேஷம் விசேஷத்திலேயே சேர்த்தி இல்லை. செத்தாலும் ஃப்ளெக்ஸ், பிறந்தாலும் ஃப்ளெக்ஸ். பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் குழந்தையின் படத்தைப் போட்டு, பேரைப் போட்டு, 'பூப்புனித நன்னீராட்டு விழா' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பஸ் நிறுத்தத்தில் கட்டி, எங்கள் வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று போகிற வருகிற லாரிக்காரனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். பதினெட்டு வருடமாக நான் அச்சடித்துக் கொடுக்கிறேன். இதில் ஏதோ சரியில்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தங்கையன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். தெற்குத்தெரு. சர்க்கார் கணக்கில் அந்தத் தெருவுக்கு வேறு பெயர், குடியானத்தெருக்காரர்களான நாங்கள் பேச்சில் தெற்குத்தெரு என்போம். பஞ்சநதம் அவன் மச்சான், அவன் பெண்சாதி மாரிக்கண்ணுவின் அண்ணன். அறுப்பு மெஷின் மேற்கேயிருந்து வரும்போது எந்த வயலில் இறக்குவது என்று பேசிவிடுகிற புரோக்கர். எப்போதும் வெள்ளைச் சட்டை, இரண்டு போன்.

மாசியில் சம்பா அறுத்து முடித்த கையோடு தமிழ்நிலாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் பஞ்சநதம்தான் ஃப்ளெக்ஸுக்கு வந்தான். உங்கள் தெரு முனையில்தானே கட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். இல்லை, மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தத்தில் என்றான். அதுவரை தெற்குத்தெரு ஃப்ளெக்ஸ் எதுவும் அங்கே நின்றதில்லை. எங்கள் தெருவிலிருந்து நாலு பேர் வந்து என்னிடம் முணுமுணுத்தார்கள். காலம் மாறிவிட்டது, விடுங்கள் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு என்னை ஒரு பெரிய மனுஷன் என்று நானே நினைத்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

படத்தையும் நான்தான் எடுத்தேன். பிள்ளை ஒல்லிக்குச்சி, எட்டாம் வகுப்பு. வாடகைக்கு எடுத்த பட்டுச்சேலை தோளில் நிற்கவில்லை. மாரிக்கண்ணு ஊக்குக் குத்திக் குத்தி நிறுத்தினாள். பிறகு கம்ப்யூட்டரில் வைத்து என் வேலையைக் காட்டினேன். நிறத்தை ஏற்றினேன், ஒட்டின கன்னத்தை நிரப்பினேன், புருவத்தைத் தீட்டினேன், ஐந்தாறு வயதைக் கூட்டிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதான், யாரும் கேட்காமலே செய்வேன். மாரிக்கண்ணு திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, இது எம் பொண்ணாண்ணே என்று கேட்டாள். பெருமையில் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை என்று இப்போது படுகிறது.

கடை மேசையில் ஒரு சாம்பிள் ஆல்பம் கிடக்கும். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து, இந்த மாதிரி வேண்டும் என்று காட்டுவார்கள். தமிழ்நிலாவின் படம் நன்றாக வந்திருந்ததால் அதிலும் ஒன்று சேர்த்தேன். அவள் வீட்டில் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது?

சித்திரையில் ஒரு ஆளும் ஒரு பெண்ணும் காரில் வந்து இறங்கினார்கள். அவன் தன் பெயர் நாகநாதன் என்றான். மேற்கே பனியன் கம்பெனி, காலண்டர் அடிக்க வேண்டும் என்று விலை விசாரித்தான். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக நம் வீட்டுப் பொம்பளை மாதிரி இருந்தாள். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் தமிழ்நிலாவிடம் நின்றாள். படத்தைத் தன் போனில் ஒன்று எடுத்துக்கொண்டாள். தம்பிக்குப் பெண் பார்க்கிறோம், எங்கள் பக்கம் பெண்ணே கிடைப்பதில்லை, நகை நட்டு எதுவும் வேண்டாம், அடக்கமான பிள்ளையாக இருந்தால் போதும் என்றாள்.

எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. ஸ்டூடியோவில் சம்பந்தம் பேசுவது எங்கள் பக்கத்தில் சகஜம். என் கடையிலேயே நாலு கல்யாணம் கூடியிருக்கிறது, நாலு குடும்பமும் நன்றாக இருக்கின்றன. பிள்ளைக்குச் சடங்கு ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது என்று சொல்லத்தான் செய்தேன். அதனாலென்ன, பேசி வைத்துக்கொள்வோம் என்றாள். அதற்கு மேல் நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"ரொம்ப ஏழைப்பட்ட குடும்பங்க. எதுவும் வேணாம்னு நீங்க சொன்னீங்கன்னா உடனே சரிம்பாங்க."

திருடனுக்கு வீட்டைக் காட்டி, பூட்டு சரியில்லை என்பதையும் சொல்லி அனுப்பின கதைதான். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தங்கையன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். கூடவே இன்னொன்றும் செய்தேன். தெற்குத்தெரு சம்பந்தத்தில் குடியானத்தெருக்காரன் நடுவில் நின்றான் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாதே என்று, என் பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால் தங்கையன் நேரே என்னிடம் வந்து விசாரித்திருப்பான். எனக்கு அவர்களை முன்னேபின்னே தெரியாது என்பது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அவர்களும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் மூலமாக நம்பர் கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். காலண்டர் அடிக்க அவர்கள் திரும்பி வரவே இல்லை.

தங்கையனும் மாரிக்கண்ணுவும் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். பணத்தாசை பிடித்து விற்றுவிட்டார்கள் என்று சொல்கிறவன் அந்த வீட்டுக்குள் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். முன்னெல்லாம் மாரிக்கண்ணு ஊர் வயலிலேயே நடவு நட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போவாள். நடவுக்கும் மெஷின் வந்தபிறகு ஊரில் வேலை பாதியாகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு வேன் வரும், முப்பது கிலோமீட்டர் தள்ளி எங்காவது கொண்டுபோய் இறக்கும், திரும்ப இருட்டிவிடும். தங்கையன் மூட்டையடியில். கதவுக்குச் சரியான தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையும் பதினொரு வயதுத் தங்கச்சி செம்மொழியும். கக்கூஸ் இல்லை, வாய்க்கால் கரைக்குத்தான் போகவேண்டும். அங்கே பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறவர்களில் எங்கள் தெருப் பையன்களும் உண்டு. அவர்களைக் கேட்க ஆள் இல்லை. ஆகவே, ஒரு நல்ல இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் நிம்மதி என்று அவர்களுக்குத் தோன்றியது. படிக்கவும் வைப்பதாக அந்தப் பொம்பளை சொல்லியிருந்தாள். மெஷின்காரர்களோடு பழகினவன் என்பதால் மேற்கத்தி ஆட்கள் என்றாலே சொன்ன சொல் மாறாதவர்கள் என்று பஞ்சநதத்துக்கு ஒரு எண்ணம்.

எனக்கும் அதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தஞ்சாவூரில் படிக்கிறாள். அவளுக்கு நான் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. அவள் வேண்டாம் என்றாள், கேட்டுக்கொண்டோம். தமிழ்நிலாவிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பஞ்சநதம் கடைக்கு வந்து, வேனில் இடம் இருக்கிறது, கேமராவோடு வாங்கண்ணே என்று கூப்பிட்டான். மேற்கே ஒரு கோயிலில் விடியற்காலை முகூர்த்தம். நான் அவனைத் திட்டினேன். எதற்கு? பதினாலு வயதில் கல்யாணமா என்று திட்டவில்லை. அதைப் போட்டோ எடுப்பார்களா, நாளைக்கு அதுவே ஆதாரம் ஆகிவிடாதா, உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள், செல்போனில்கூட யாரும் எடுக்காதீர்கள் என்று திட்டினேன். படம் எடுத்துப் பிழைக்கிறவன் கொடுத்த யோசனையை அவர்கள் அப்படியே கேட்டார்கள். அதனால்தான் மாப்பிள்ளை என்று வந்து நின்றவனின் படம் ஒன்றுகூடப் போலீசிடம் இன்றைக்கு இல்லை.

இருபது நாள் போன் வந்தது. பிறகு சுவிட்ச் ஆஃப். தங்கையன் அவர்கள் கொடுத்த விலாசத்துக்குப் பஸ் ஏறிப் போனான். அங்கே ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. அந்தப் பேரில் யாரையும் தெரியாது என்றார்கள். திரும்பி வந்து மூன்று நாள் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். போலீசுக்குப் போனால் கல்யாணம் வெளியே வரும், மூன்று பேரும் ஜெயிலுக்குப் போக வேண்டும், செம்மொழியை யார் பார்ப்பது என்று பஞ்சநதம் அடக்கிவிட்டான். ஊருக்கு, அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு முறை வீடு தேடி வந்தார், அவருக்கும் அதே பதில். என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு நாள் தங்கையன் என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் ஆல்பத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்தேன்.

போன வாரம்தான் போலீஸ் போன் வந்தது. வெளியூர் ஒன்றில் ஒரு வீட்டில் சோதனை போட்டு நாலு பிள்ளைகளை மீட்டிருக்கிறார்கள், அதில் தமிழ்நிலாவும் ஒருத்தி. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று போலீஸ்காரம்மா தங்கையனிடம் விவரமாகச் சொல்லவில்லை. வீடு எப்படிப்பட்டது என்பதைச் சொன்னார், அது போதுமாக இருந்தது. அந்தப் பொம்பளை பிடிபட்டுவிட்டாள், ஆண்கள் இரண்டு பேரும் தலைமறைவு. பிள்ளையைத் தஞ்சாவூரில் ஒரு இல்லத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். குழந்தைகள் நலக்குழு முன்னால் விசாரணை, பெற்றவர்கள் வரவேண்டும், ஊரில் பொறுப்பான ஆள் ஒருவரும் கூட வந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பொறுப்பான ஆளாக என்னைக் கூப்பிடத்தான் மழையிலேயே கிளம்பி வந்திருந்தார்கள். தங்கையன் படியில் உட்கார்ந்துகொண்டான், சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல் தார்ப்பாய்க்கு அடியில் முளைத்துக் கிடக்கிறது, இரண்டு வாரமாக வேலை ஓடவில்லை என்று எதையோ பேசினான். பஞ்சநதம்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, கல்யாணத்தப் பத்தி யாரும் வாயத் தொறக்க வேணாம். அது எவனோடயோ போன்ல பழகி ஓடிப்போச்சுன்னு சொல்லிப்புடுவோம். ஒங்க கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும், அப்பல்லாம் போன்ல பேசிக்கிட்டே நிக்கும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

நான் தங்கையனைப் பார்த்தேன். அவன் ரோட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளைக்குக் கெட்ட பேர் வருமேப்பா" என்றேன்.

"இனிமே என்னாண்ணே வரப்போவுது அதுக்கு" என்றான் பஞ்சநதம்.

ஒரு மனுஷன் அந்த இடத்தில் அவனை அறைந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. அவள் ஓடிப்போனாள் என்று ஆகிவிட்டால், நம்பர் எப்படிப் போனது என்று யார் கேட்கப்போகிறார்கள்? சரி, வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் நான் தெற்குத்தெருவுக்குப் போனேன். எட்டு மணிக்கே சோறும் குழம்பும் ஆகியிருந்தன. மழைத் தண்ணீரில் வயலில் ஏறிய கெளுத்தி மீனைச் செம்மொழி கூடையால் அள்ளி வந்திருக்கிறாள். அக்காவுக்குக் கெளுத்தி என்றால் உயிராம். மாரிக்கண்ணு ஆறவைத்து டப்பாவில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டினாள். சம்பா நடவில் நின்று நின்று அவள் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், மஞ்சள் அப்பியிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள். அவர்கள் வீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பஞ்சநதம் ஒவ்வொருவரும் என்ன சொல்ல வேண்டும் என்று மறுபடி ஒப்பித்துக் காட்டினான். மாரிக்கண்ணு டப்பா மூடித்துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவளுக்குப் புரிந்ததா என்று இரண்டு தரம் கேட்டான். அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாங்க இப்படிச் சொன்னா, அவள வீட்டுக்கு விட்டுருவாங்களாண்ணே?"

விடுவார்கள் என்றேன். எனக்கென்ன தெரியும்? ஓடிப்போனவள் என்று பெற்றவர்களே எழுதிக் கொடுத்த பிள்ளையைத் திரும்ப அழைத்துவந்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று பஞ்சநதம் ஏற்கனவே என்னிடம் சொல்லியிருந்தான். கொஞ்ச நாள் இல்லத்திலேயே இருக்கட்டும், செம்மொழிக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும் ஊர்ப்பக்கம் வரவேண்டாம் என்பது அவன் கணக்கு. மாரிக்கண்ணுவுக்கு அது தெரியாது. அவள் அன்றைக்கே மகளைக் கூட்டிவரப்போகிறோம் என்று நினைத்து மாற்றுத்துணிகூட எடுத்து வைத்திருந்தாள். எனக்கு அது தெரிந்தும் நான் விடுவார்கள் என்றேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற ஜனம். மாரிக்கண்ணு டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். புது ஆற்றுப் பாலம் தாண்டும்போது ஒரு பெண் அவளிடம் எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தாள். மகளைக் கூப்பிட என்று மாரிக்கண்ணு சொன்னது எனக்குக் கேட்டது.

விசாரணை அறை சின்னதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் தலைவி, கண்ணாடி போட்ட வயதான அம்மா. சத்தம் போட்டுப் பேசவில்லை, எங்கள் எல்லோரையும் உட்காரச் சொன்னார். தமிழ்நிலாவை ஒரு இல்லத்துப் பணியாளர் கூட்டிவந்தார். தொளதொளத்த சுடிதார், இழுத்துப் பின்னிய தலை. என் கம்ப்யூட்டரில் நான் நிரப்பின கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் மாரிக்கண்ணு எழுந்துவிட்டாள். பிள்ளை அம்மாவிடம் ஓடவில்லை. வாசலருகிலேயே நின்று, அம்மா காலில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று அந்த அம்மா அவளிடம் சொன்னார். அப்பா அம்மா இருக்கும்போது பேசுவதா, தனியாகப் பேசுவதா என்றும் கேட்டார். இங்கேயே பேசுகிறேன் என்றாள். முன்பு போலீசிடம் சொன்னதையே சொல்கிறாயா என்று கேட்டதற்குத் தலையசைத்தாள்.

"நானாத்தான் போனேன். யாரும் அனுப்பல."

பஞ்சநதம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் ஊரில் உட்கார்ந்து சோடித்த பொய்யை அந்தப் பிள்ளை தானாகவே எங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தங்கையனைக் கேட்டார். அவன் ஆமாங்க என்றான். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். கடைக்கு வரும்போதெல்லாம் போனில் பேசிக்கொண்டிருப்பாள் என்று, பேசி வைத்ததை அப்படியே ஒப்பித்தேன். தமிழ்நிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போலப் பார்த்தாள்.

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர்களை உனக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"சடங்குல எடுத்த போட்டோவ என் ஃப்ரெண்டு போன்ல ஸ்டேட்டஸ் வெக்கச் சொன்னேன். ஒரு நாள்தான் வெச்சிருந்தா. அதப் பாத்துதான் அவங்க வந்தாங்க. அந்த போட்டோ அவங்க போன்ல இருந்துச்சு, நான் பாத்தேன்." அவள் சுடிதார் நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "அந்தக்கா தெனமும் சொல்லும். நீதான படம் போட்டுக் கூப்புட்ட, கூப்புட்டுத்தான வந்தோம், இப்ப எதுக்கு அழுவுறன்னு. தப்பு என் பேர்லதான் மேடம். எங்கப்பாவ ஒண்ணும் செய்யாதீங்க. தங்கச்சிய யாரும் போட்டோ எடுக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

மாரிக்கண்ணு டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"அவ போகலம்மா" என்றாள். "எம் பொண்ணு எங்கயும் போகல. நாங்கதான் குளிப்பாட்டி, பூ வெச்சு, வேன்ல ஏத்திக் கொண்டுபோயித் தாலி கட்ட வெச்சோம். வரும்போது என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு விடல. நான்தான் வெரல பிரிச்சு எடுத்துவிட்டுட்டு வந்தேன். என்னய ஜெயில்ல போடுங்க."

சும்மா இரு என்று பஞ்சநதம் அதட்டினான். அந்த அம்மா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். தங்கையன் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டான். அந்த ஆட்களுக்கு உங்கள் நம்பரை யார் கொடுத்தது என்று அவனிடம் கேள்வி வந்தது. தெரியலீங்க, யாரோ தெரிஞ்சவங்கன்னாங்க என்றான். அந்த மட்டில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. என் மகள் முகம் நினைவுக்கு வந்தது, மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரு நாள் ஸ்டேட்டஸ் வைத்ததற்கு ஐந்து மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"நான்தாங்க குடுத்தேன்" என்றேன். "கடையில நான் வெச்சிருந்த ஆல்பத்துல பாத்துட்டுக் கேட்டாங்க. அதுலேருந்து அந்தப் பொம்பளதான் போன்ல படம் புடிச்சுக்கிட்டா. நம்பரையும் நான்தான் எழுதிக் குடுத்தேன். இப்பப் போன்ல பேசும்னு சொன்னது பொய்யி. புள்ளைக்கு எதுவும் தெரியாது."

தங்கையன் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். அண்ணே என்று கூப்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்த அந்த நாள் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்த அம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். என் பேர், தகப்பனார் பேர், கடை விலாசம் எல்லாம் கேட்டார், சொன்னேன்.

தமிழ்நிலா வாசலை விட்டு இரண்டு எட்டு உள்ளே வந்தாள்.

"அப்ப நான் வெச்ச போட்டோ இல்லையாண்ணே அது?"

"இல்ல பாப்பா. அது கடையில இருந்தது. நீ ஒண்ணும் செய்யல" என்றேன்.

அவள் அம்மாவிடம் திரும்பினாள்.

"நான் இல்லையாம்மா?"

இல்லடி இல்லடி என்று மாரிக்கண்ணுவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளை அழவில்லை. சொல்கிறவர்களை நம்பலாமா என்று பார்க்கிறவள்போல எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். மாமனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். என்னிடம் வந்தபோது தலையைக் குனியக்கூடாது, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். குனிந்துவிட்டேன்.